இதுவா என்று கேட்டிருக்கலாம்

கணினித் திரையில் இருந்த கோரிக்கைப் படிவத்தின் நான்கு பெட்டிகளில் முதல் பெட்டி நிரம்பிவிட்டது, இரண்டாவதில்தான் பிலோமினா முக்கால் மணி நேரமாக மாட்டிக்கொண்டு கிடந்தாள். என்ன செய்தீர்கள் என்று முதல் பெட்டி கேட்டிருந்தது, ஒரு மென்பொருளைத் தேடினேன் என்று எழுதிவிட்டாள், அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. என்ன நடக்குமென்று எதிர்பார்த்தீர்கள், இது இரண்டாவது. கேள்விக்குக் கீழே வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்புக் கோடு ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது, எழுந்து நிற்க வைத்துவிட்டுப் பிரம்பால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும் கணக்கு டீச்சர் மாதிரி. என்ன எதிர்பார்த்தாள்? கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள். வேறு என்ன, தேடுகிறவள் கிடைக்கும் என்றுதானே தேடுவாள், இதையெல்லாமா ஒரு கேள்வியாகக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, மணி நாலாகப் போகிறது, மதியம் சாப்பிட்ட தட்டுகள் இரண்டும் மேசை ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தன, அவள் தட்டில் முருங்கைக்காய்ச் சக்கை, அப்பா தட்டில் குழைத்து ஊட்டியதில் மிச்சம் ஒரு கவளம். உள்ளறைக் கதவுக்குப் போட்ட திரைக்குப் பின்னால் அப்பா தூங்குகிறார். தூங்குகிறாரா? விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காது கொடுத்தாள். மின்விசிறி. பக்கத்து வீட்டுக் குக்கர். அதற்கு அடியில், ஆமாம், இருக்கிறது, இழுத்து விடுகிற மூச்சு, விடும்போது உதட்டின் வலது ஓரத்தில் காற்று கசிகிற சின்னச் சத்தம். அந்தச் சத்தம் முன்பு கிடையாது. அறுபத்தோரு நாளாகத்தான் இருக்கிறது, அதற்குள் அது கேட்காவிட்டால் எழுந்துபோய்த் திரையை விலக்கிப் பார்க்கிறாள். சரி, எழுது. முகம் தெரியாத யாரோ படிக்கப்போகிறார்கள், எந்த நாடோ, எந்த வேளையோ, அவர்களுக்கு இந்தக் கசிகிற மூச்சைப் பற்றி என்ன. அவர்களுக்குத் தேவை ஒரு கோரிக்கை. பேக்கேஜ் மேனேஜரில் தேடுவதை இன்னும் நன்றாக்கிக் கொடுங்கள். ஒரே வரி. அந்த ஒரு வரியை எழுத இவ்வளவு நேரமா.

மடிக்கணினி கல்லூரியில் கழித்துக்கட்டியது. அவள் உதவியாளராக இருக்கும் கம்ப்யூட்டர் லேபில் போன வருஷம் பழசையெல்லாம் ஒதுக்கியபோது, கூட வேலை பார்க்கும் முபாரக்தான் ஒன்றைத் துடைத்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். "அக்கா, இதுல எல்லாம் இலவசம், எது வேணுமோ பேக்கேஜ் மேனேஜர்ல பேரை அடிங்க, அதுவே கொண்டாந்து மாட்டிடும், கடைக்குப் போக வேண்டாம்" என்றான். அப்படித்தான் அது, பெரிய கிட்டங்கி ஒன்று எங்கேயோ இருக்கிறது, அறுபதாயிரம் சாமான், வாசலில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், பேரைச் சொன்னால் எடுத்துத் தருவான். பேரைச் சொன்னால். பேர் தெரியாதவளுக்கு என்ன வழி என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை, அப்போது அப்பாவுக்கு எல்லாப் பேரும் தெரிந்திருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கூட எழுந்து பல் தேய்த்து முகச்சவரம் செய்து முடிக்கிற வரைக்கும் தெரிந்திருந்தது. குளியலறையிலிருந்து, "பிலோ, அந்த டிக்கெட்டைக் கொண்டா" என்றார். என்ன டிக்கெட், எங்கே போகிறார் என்று அடுப்படியிலிருந்தே சிரித்தாள். "டிக்கெட்டும்மா, டிக்கெட்டு, தொடைக்க" என்றார். துடைக்க. துண்டைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது, புரிந்துதான் துண்டை எடுத்துக்கொண்டு போனாள், ஏதோ வாய் தவறிவிட்டது என்று நினைத்தாள், தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். அந்தத் தோசை. ஒரு தோசை வேக எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். ஒன்றரை நிமிஷத்தில் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார், கேட்காமலே சொன்னார், எல்லா வீட்டிலும் ஒரு தோசை இருக்கும்போல.

டாக்டர் அந்த வியாதியின் பேரையும் சொன்னார். மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடி, அவருக்கு எல்லாம் புரியும், என்ன வேண்டும் என்று தெரியும், அதன் பேர் மட்டும் வராது. அஃபேசியா. அவள் அதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டாள். "முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம்மா, விடாம பேச வைக்கணும், படத்தைக் காட்டிப் பேச வைக்கறதுக்கு கம்ப்யூட்டர்லயே வந்திருக்கு, பாருங்க" என்றார். பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே பார்த்தாள். ஏ, எஃப், ஏ, எஸ், ஐ, ஏ. எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. கிடைக்கவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம், அவள் நம்பிவிட்டாள். அது எஃப் இல்லை, பி-எச். ஒரு எழுத்து. யார் இந்தத் தப்பைச் செய்தாலும் அவள் செய்திருக்கக் கூடாது, பி-எச் போட்டு எழுதுகிற பேரை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வருஷமாக ரேஷன் கடையிலும் வங்கியிலும் எஃப் போட்டுத் தருகிறவர்களோடு சண்டை பிடிக்கிறவள். பிலோமினா, பி-எச், சார், எஃப் இல்ல, அடிச்சு எழுதுங்க. அந்த வாயால்தான், அந்தக் கையால்தான் எஃப் அடித்தாள். அப்புறம் ஆங்கிலத்தில் வேறு வார்த்தைகள். பேச்சு என்று போட்டாள், நூற்று நாற்பத்து மூன்று வந்தது, எல்லாம் எழுத்தை வாசித்துக் காட்டுகிறவை. படம் என்று போட்டாள், அறுநூற்றுப் பன்னிரண்டு. வடிகட்ட வழி இல்லை, ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தது, நூறு வரைக்கும் படித்தாள், கண் எரிந்தது, அப்பா உள்ளே முனகினார், விட்டுவிட்டாள். ஸ்ட்ரோக் என்று போட்டாள். தூரிகைக் கோடு இழுக்கிற சாமானெல்லாம் வந்து நின்றது, ஓவியம் வரைய, எழுத்து வரைய, மீசை வரைய. அதற்கும் அதே வார்த்தைதானாம். அவள் அன்றைக்குச் சிரித்தாள், சிரித்தது அவளுக்கே பயமாக இருந்தது. இப்படி இருபத்து மூன்று நாள். தொண்ணூறில் இருபத்து மூன்று போனால் அறுபத்தேழு, இந்தக் கழித்தலைத் தட்டு கழுவும்போது போடுகிறாள், பேருந்தில் போடுகிறாள், ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போது போடுகிறாள், எத்தனை தடவை போட்டாலும் அதே அறுபத்தேழு.

இருபத்து நாலாம் நாள் முபாரக்தான் சொன்னான். லேபில் எதேச்சையாக, டீ குடித்துக்கொண்டே. "அக்கா, அப்பாவுக்குத் தேடினீங்களே, எங்க சித்தி பையனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்ல ஒண்ணு வச்சிருக்காங்க, வேக்டெயில்னு பேரு, உங்க மெஷின்லயும் வரும்" என்றான். வேக்டெயில். வாலாட்டிக் குருவி. பேச்சிழந்த மனிதனுக்குப் படம் காட்டுகிற மென்பொருளுக்கு எவனோ ஒரு குருவியின் பேரை வைத்திருக்கிறான், ஆசைப்பட்டு வைத்திருப்பான், பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி, வாலை ஆட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நிற்பதைப் பார்த்து வைத்திருப்பான், அவனைத் திட்ட முடியவில்லை. அந்தப் பேரை அடித்தாள், நாலு விநாடியில் வந்தது. கிட்டங்கியில் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்திருக்கிறது. அதன் விளக்கத்தைப் படித்தாள், மூன்றாவது வரியில் அந்த வியாதியின் பேர் இருந்தது, பி-எச் போட்டு. அன்று சாயங்காலமே உட்கார்ந்து படங்களுக்குத் தமிழில் பேர் எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்தாள். தண்ணி வேணும். பாத்ரூம் போகணும். வலிக்குது. ஃபேன் வேண்டாம். முதல் வாரம் அவள் அடுப்படியில் நிற்கும்போது அப்பா படத்தைத் தொட, உள்ளறையிலிருந்து அவள் குரலே அவளிடம் தண்ணி வேணும் என்று கேட்கும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள், யாரோ அவளுக்குள்ளிருந்து எழுந்துபோய் அங்கே படுத்துக்கொண்டு தாகம் என்று சொல்கிற மாதிரி இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து அக்கா ஜெசிந்தா வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா என்ன பால்வாடிப் புள்ளையா, படத்தைத் தொட்டுக் காட்டச் சொல்ற" என்று அழுதாள். பேச்சுப் பயிற்சி தருகிற ஹேமலதாதான் பரவாயில்லை, நல்ல பெண். அவளிடம் மட்டும் ஒருநாள் கேட்டுவிட்டாள், அந்த இருபத்து மூன்று நாளைப் பற்றி. ஹேமலதா அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "அதெல்லாம் அப்படிக் கணக்குப் போட முடியாது மேடம்" என்றாள். போட முடியாது என்றால் நஷ்டம் இல்லை என்றா, எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல முடியாது என்றா. அட்டையை அடுக்கும்போது அவள் கண்ணை நிமிர்த்தவில்லையே, அது ஏன்.

எழுது பிலோ. தப்பாக எழுதினாலும் தேடிக் கொடுக்கும் என்று எதிர்பார்த்தேன், என்று ஆங்கிலத்தில் அடித்தாள். படித்துப் பார்த்தால் தன் தப்புக்கு அவர்கள் மேல் பழி போடுகிற மாதிரி இருந்தது, அழித்தாள். தயவுசெய்து என்று ஆரம்பித்தாள், பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது, அழித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு இடத்தில் பிரிண்டர் ஓடவில்லை என்று கேட்டதற்கு, முதலில் போய்க் கையேட்டைப் படி என்று ஒருத்தன் எழுதினான், அதையும் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்து நாலெழுத்தில் சுருக்கி. அந்தச் சுருக்கத்துக்கு அர்த்தம் தெரியாமல் அவள் முபாரக்கிடமே போய்க் கேட்டாள், அவன் காது சிவந்து, "விடுங்கக்கா, அவனுங்க அப்படித்தான்" என்றான். அது இப்போதும் கழுத்தடியில் சூடாக இருக்கிறது. இப்போதும் அப்படி ஒருத்தன் வருவான். வார்த்தையைச் சரியாக எழுதத் தெரியாவிட்டால் அகராதியைப் பார் என்பான். அவன் சொல்வதும் சரிதானே. இல்லை, சரி இல்லை. எங்கே சரி இல்லை என்று சொல்லத்தான் வரமாட்டேன் என்கிறது, தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது, அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்குமோ. அவர் முப்பத்து நாலு வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் இருந்தவர். ஞானப்பிரகாசம் சார் ஸ்டோர்ஸ். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அன்றைக்கு வந்தவர்களைப் போல நடித்துக் காட்டுவார். "இன்னைக்கு ஒருத்தன் வந்து, சார், அந்தத் தொப்பி மாதிரி இருக்குமே, அது ஒண்ணு குடுங்கங்கறான். எந்தத் தொப்பிடா, எங்கிட்ட நாப்பதாயிரம் சாமான் இருக்கு. மேல மாட்டுறதா கீழ மாட்டுறதா? கீழ சார். எண்ணெ படுமா? படும் சார். சுத்துமா, சும்மா நிக்குமா? சுத்தாது சார். போய் எடுத்துட்டு வந்து மேசையில வச்சு, இதாடான்னேன். அவன் மூஞ்சியப் பாக்கணுமே." அம்மா போய் எட்டு வருஷம். ரசத்தின் ஆவி இன்னும் அந்த விளக்கடியில் நிற்கிறது. பேர் தெரியாமல் வந்த ஒருத்தனையும் அப்பா இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினதில்லை, அப்பா பெருமைக்காகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றுதான், இதை எழுதலாமா. அவர்களுக்கு எதற்கு இது. அவளுக்கு ஆங்கிலத்தில் ரசம் ஊற்றவும் வராது.

திரைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. பிலோமினா எழுந்திருப்பதற்குள் அப்பா திரையை இடது கையால் ஒதுக்கிக்கொண்டு நின்றார், வேட்டி நெகிழ்ந்து, வலது கால் கொஞ்சம் பின்தங்கி. மூன்று வாரமாகச் சுவரைப் பிடித்து நடக்கிறார். மடிக்கணினியில் படப்பலகையை மூடிவிட்டல்லவா இந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள், அவருடைய வாயை எடுத்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள். அவசரமாக அதைத் திறக்கப் போனாள். அப்பா கையை வீசினார், வேண்டாம். சொல்லப்போகிறார். ஹேமலதா சொல்லியிருக்கிறாள், எடுத்துக் கொடுக்காதீர்கள், பத்து எண்ணுங்கள். ஒன்று, இரண்டு. 

"அது," என்றார் அப்பா. "அது… கறுப்பு." 

"என்னப்பா கறுப்பு?" 

"ரெண்டு." இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு… கறுப்பு." 

கடுங்காப்பியா? இரண்டு டம்ளரா? காப்பியா என்றாள், தலையை ஆட்டினார், இல்லை. பைபிளுக்குக் கறுப்பு உறை, எடுத்துக் கொண்டுபோய் நீட்டினாள், வாங்கி உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டு நாற்காலியில் வைத்தார், அது இல்லை. குடையைக் காட்டினாள். கண்ணாடிக் கூட்டைக் காட்டினாள். அலமாரியைத் திறந்து கறுப்பாக இருந்ததையெல்லாம் எடுத்தாள், பழைய பர்ஸ், டார்ச் லைட், அம்மாவின் ஜெபமாலைப் பெட்டி. அதைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது, "சனியனே" என்றார், சுத்தமாக, ஒரு எழுத்து பிசகாமல். எழுபது வயது வரைக்கும் அந்த வாயில் சீ என்று ஒரு சொல் வந்ததில்லை, இப்போது தடங்கலில்லாமல் வருவது இந்த ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசியபோதும் இதைத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவரே கலங்கினார், வாயைப் பொத்திக்கொண்டார். அலமாரி முழுக்கத் தரையில் கிடந்தது. இப்படி எடுத்து எடுத்துக் காட்டினால் வீட்டிலிருக்கும் அத்தனை சாமானையும் காட்ட வேண்டும், அறுநூற்றுப் பன்னிரண்டு. அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இருங்கப்பா. வீட்டுக்குள்ள வச்சிருக்கறதா, வெளியிலயா?" என்றாள். 

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். 

"திங்கறதா?" இல்லை. "கையில புடிக்கறதா?" இல்லை என்று ஆட்டிவிட்டுத் தன் மேலேயே தட்டினார். "மாட்டிக்கறதா?" ஆமாம், ஆமாம். "மேல மாட்டுறதா, கீழ மாட்டுறதா?" 

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அப்பாவும் அவளைப் பார்த்தார். "கீழ," என்றார். அந்தச் சொல் வந்துவிட்டது. வாசல் கதவுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டில், செய்தித்தாள் சுற்றி வைத்திருந்த கறுப்பு ஷூக்களை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள். "இதாப்பா?" அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், பைபிளின் மேலேயே உட்காரப் பார்த்து, நகர்த்தி, காலை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஷூ, வெளியே. அவருக்கு வெளியே போக வேண்டும். அறுபத்தோரு நாளில் ஆஸ்பத்திரி தவிர அவர் படி இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று எத்தனை நாளாக நினைத்திருப்பார், பலகையில் அதற்கு ஒரு படம் வைக்க அவளுக்குத் தோன்றவில்லையே, தண்ணி, பாத்ரூம், வலி, ஒரு மனுஷனுக்கு அவ்வளவுதானா வேண்டும். மாட்டிவிடும்போது வலது பாதம் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது, குதிகால் உள்ளே போக மறுத்தது, கரண்டிக் காம்பைக் கொடுத்து நுழைத்தாள்.

"அஞ்சு நிமிஷம்பா. ஒண்ணே ஒண்ணு எழுதிட்டு வந்துடறேன்." அவர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். மேசைக்கு வந்தவள் உட்காரக்கூட இல்லை. குனிந்து நின்றே அடித்தாள், இலக்கணம் போகிற போக்கில் போகட்டும். பேர் தெரியாதவர்களும் தேட வருவார்கள். பேர் தெரியாது, ஆனால் அது என்ன செய்யும் என்று தெரியும். நான் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தேன், எதுவும் கிடைக்கவில்லை என்றீர்கள், நான் இல்லை என்று நம்பி இருபத்து மூன்று நாள் போனது. கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பதைக் காட்டி, இதுவா என்று கேட்டிருக்கலாம். அறுநூறு கிடைத்தால் அறுநூறையும் கொட்டாமல், எதற்கு, யாருக்கு, திரையில் காட்டுவதா, காதில் சொல்வதா என்று கேட்டுக் குறைத்திருக்கலாம். என் அப்பா ஒரு ஸ்டோர்ஸில் அப்படித்தான் செய்தார். அவ்வளவுதான் எழுதினாள். மூன்றாவது பெட்டிக்கும் நாலாவது பெட்டிக்கும் ஒரு புள்ளி வைத்தாள். அனுப்பு. அழுத்திய விரல் ஜில்லென்றது, ஐயோ அப்பாவை ஏன் எழுதினேன், ஆங்கிலத்தில் ஸ்டோர்ஸ் என்றால் பலசரக்குக் கடை என்று நினைத்துக்கொள்வார்களே, எடுக்க முடியுமா, எடுக்கிற பொத்தான் எங்கே. பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு பேர். நாலெழுத்துச் சுருக்கம் வருகிறது என்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படித்தாள். இதை முன்பே சிலர் கேட்டிருக்கிறார்கள், வேலை செய்ய ஆளில்லை, எப்போது முடியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, என்றிருந்தது. அப்புறம் இன்னொரு வரி. நீங்கள் தேடிய சொற்களை எல்லாம், தேடிய வரிசையில், பிழைகளைத் திருத்தாமல் அனுப்ப முடியுமா, மனிதர்கள் உண்மையில் எப்படித் தேடுகிறார்கள் என்பது எங்களிடம் இல்லை.

பிழைகளைத் திருத்தாமல். அவள் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, முன்பு அடித்த வரிகளைக் கூப்பிட்டாள், கணினி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது, நாற்பத்தோரு வரி. முதல் வரியில் எஃப். அதையே மறுபடி, எஃப் இரண்டு போட்டு. பேச்சு. படம். ஸ்ட்ரோக். வாய் வராது. கிழவருக்குப் பேச்சு. பேச மறந்தவர். சைகை. ஊமை, இதை எப்போது அடித்தாள், ஊமை என்றா அடித்தாள். அட்டை. பிள்ளைகள் அட்டை. உதவி. முப்பத்தாறாவது வரியில் ஆங்கில எழுத்தில் அப்பா என்று இருந்தது. ஏ, இரண்டு பி, ஏ. அவளுக்கு அதை அடித்த ஞாபகமே இல்லை. எந்த நாள் அது, ஜெசிந்தா வந்துவிட்டுப் போன நாளா, அவர் கஞ்சியைத் துப்பிய நாளா, அப்பா என்று போட்டால் அந்தக் கிட்டங்கி எதைக் கொண்டுவந்து தரும் என்று நினைத்தாள். அதற்கும் அதே பதில்தான் வந்திருக்கும், எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடலாம், யாருக்குத் தெரியும், நாற்பது வரி போதாதா. அழிக்கிற விசையின் மேல் விரல் இருந்தது. வாசலருகே அப்பா ஷூவால் தரையைத் தட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை, இடது கால் மட்டும். வரிசையில் என்று கேட்டிருக்கிறார்கள். வரிசை என்றால் வரிசைதான். நாற்பத்தோரு வரியையும் அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

மூன்று படி இறங்க ஏழெட்டு நிமிஷம் ஆனது. தெருவில் வெயில் தணிந்திருந்தது, கோயில் ஒலிபெருக்கியில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா அவருடைய வலது கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். எதிரே யாரும் வந்துவிடக் கூடாதே. வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் தயாராக வைத்திருந்தாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, பேச்சு கொஞ்சம் வராது, தப்பா எடுத்துக்காதீங்க. மூன்று வீடு தாண்டவில்லை, பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து பக்கத்தில் மெதுவானது. தலையில் மப்ளர் சுற்றிய வயசானவர், பையில் கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது. 

"என்ன ஞானம், வாக்கிங்கா?" 

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, "ஆமா ஆமா," என்றார். 

"ஆளையே காணோமே. சௌக்கியமா?" 

"சௌக்கியம்." 

"சரி, நடங்க நடங்க, வரேன்." 

"வாங்க," என்றார் அப்பா, இடது கையை நெற்றி வரைக்கும் தூக்கி. ஸ்கூட்டர் போய்விட்டது. அந்த மனிதர் எதையும் கவனிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிலோமினா நின்ற இடத்திலேயே நின்றாள், தயாராக வைத்திருந்த வாக்கியம் நாக்கின் மேல் அப்படியே இருந்தது, எங்கிருந்து வந்தன இவை, ஆமா, சௌக்கியம், வாங்க, வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாயிலேயே தங்கிவிட்டவையா, அவை மட்டும் அடிபடாத வேறொரு இடத்தில் இருந்தனவா, ஹேமலதாவிடம் கேட்க வேண்டும், கேட்டால் இதையும் கணக்கில் சேர்க்க முடியாது என்பாளோ. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சரியாக இருக்கும் பக்கத்து உதடு மட்டும் மேலே ஏறியிருந்தது. பிறகு அவர் ஸ்கூட்டர் போன பக்கம் கையைக் காட்டினார், "அவன்…" என்றார், "அவன்…" நின்றார். நெற்றி சுருங்கியது. பேர் வரவில்லை. சனியனே வரப்போகிறது என்று அவள் கையை இறுக்கினாள். 

"எனக்கும் தெரியலப்பா," என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. அந்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. 

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார், நிஜமாகவா என்பது போல. 

"யாரு அவரு? உங்க ஒர்க்‌ஷாப்பா?" 

இல்லை. 

"கோயில்லயா?" 

அவர் யோசித்தார். காலை எடுத்து வைத்தார், வலது கால் மண்ணில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. இருக்கலாம் என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். 

"சரி, பாட்டு பாடுறவரா, காணிக்கை எடுக்கறவரா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கூட நடந்தாள்.